மண் அலசும் நாள்

…வியாழக்கிழமை வாயேன் என்கிறான் தம்பி, வியாழக்கிழமை வந்தால் என்ன கிடைக்கும், ஒரு மண்ணும் கிடைக்காது, மூன்று வருடமாக இந்தப் பண்ணைக்காரர்கள் சொன்ன வியாழக்கிழமைகளில்தானே வந்தேன், வடிகாலில் தெளிந்த தண்ணீரை மொண்டுகொண்டு போய், பூச்சிமருந்து இல்லை, ஓடைக்கு ஆபத்தில்லை என்று அறிக்கை எழுதி, பெரிய கெட்டிக்காரி மாதிரி… ஒரு அறுவடை முடிந்ததும் பசுமைக்குடிலுக்குள் தண்ணீரைத் தேக்கி, மண்ணில் ஏறிய உப்பை அலசி வெளியேற்றுவார்கள் என்று யாராவது சொன்னார்களா, நானாவது கேட்டேனா, இப்போதுதானே படித்துத் தெரிந்துகொண்டேன், உப்பு மட்டுமா இறங்கும், செடிக்கு அடித்த மருந்தும் சேர்ந்துதானே இறங்கும், இறங்கி இந்தக் குழாய், இந்த வடிகால், அப்புறம் ஓடை, ஓடைத் தண்ணீரைத்தானே கீழே அத்தனை வீடும் குடிக்கிறது. நேற்று பஸ்ஸில் போகும்போது பார்த்தேன், பிடுங்கிய தக்காளிச் செடிகள் சாலையோரம் குவிந்து கிடந்தன. அப்படியென்றால் இன்று அலசுவார்கள். யாரிடமும் கேட்கவில்லை, வந்துவிட்டேன், என்ன செய்துவிடுவார்கள், தலையையா வாங்கிவிடுவார்கள்?

"அக்கா, சொன்னா கேளு. மேனேஜர் என்னைத்தான் கேப்பாரு." என் தம்பி, இந்தக் குடில்களின் மேற்பார்வையாளன், முழங்கை வரை சேறு. கேட்கட்டுமே, நன்றாகக் கேட்கட்டும். "உனக்கென்ன, நீ பாட்டுக்குப் போயிடுவ. எனக்கு வேலை போச்சுன்னா ரெண்டு பொண்ணுங்கள வச்சுக்கிட்டு என்ன பண்றது?" "அந்த ரெண்டு பொண்ணும் எந்தத் தண்ணிடா குடிக்குது?" எனக்கு வாய் கொஞ்சம் நீளம்தான், இருந்துவிட்டுப் போகட்டும். குனிந்தேன், குழாய்வாயில் பழுப்பு நிறத்தில் கொட்டுகிறது, கண்ணாடிப் புட்டியைக் குமிழி இல்லாமல் கழுத்து வரை நிரப்பி மூடினேன், சபாஷ். இனி படிவம். இடத்துப் பொறுப்பாளர் கையெழுத்து இல்லாத புட்டியை ஆய்வகம் தொடக்கூடத் தொடாது, பொறுப்பாளர் இவன்தான், வேறு யாரும் இல்லை, என் நேரம்… மேனேஜரோடு போடவேண்டிய சண்டையை வழியெல்லாம் வார்த்தை வார்த்தையாகச் சேர்த்து வைத்திருந்தேனே, கூடப்பிறந்தவனிடம் அதில் ஒரு வார்த்தைகூட வரமாட்டேன் என்கிறது. "போடுடா" என்று படிவத்தை நீட்டினேன், அவ்வளவுதான் வந்தது.

அவன் படிவத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், தன் கையைப் பார்த்தான். "இரு, கை கழுவிட்டு வரேன்." காலடியில் வடிகால் நிறையத் தண்ணீர் ஓடுகிறது, குனிந்தால் போதும், அவன் குனியவில்லை, அதைத் தாண்டிக் குதித்து அந்தப் பக்கம் போனான், அங்கே நான் வைத்திருந்த பையைத் திறந்தான், நான் குடிக்க வைத்திருந்த தண்ணீரை எடுத்துக் கையில் ஊற்றினான், யோசிக்கவே இல்லை, தினமும் செய்கிற வேலை மாதிரி விரலிடுக்கெல்லாம் தேய்த்துக் கழுவினான்… ஐயோ, இவனுக்குத் தெரியும். "எப்பலேர்ந்துடா?" என்று கேட்டேன். பேனாவை வாங்கி, நிதானமாக முழுப்பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டான். இதற்கு முன்பும் இதே கையால்தான் போட்டான், ஒவ்வொரு வியாழக்கிழமையும், தெரிந்துகொண்டே. இவனைக் கட்டிக்கொள்வதா, அறைவதா?