மார்கோவுக்கு இரண்டு அம்மா

கல்யாணப் பத்திரிகையை விசா மனுவோடு வைக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. கௌசல்யாவாகத்தான் வைத்தாள். பதிவுச் சான்றிதழ் இருக்கிறது, போட்டோக்கள் இருக்கின்றன, எதற்கும் இதுவும் கிடக்கட்டுமே என்று மஞ்சள் தடவிய பத்திரிகையையும் கடைசியில் செருகிவிட்டாள். ஒரு காகிதம் கேட்டால் மூன்று கொடுத்தால்தான் கரமனை அக்ரஹாரத்துக்காரர்களுக்குத் தூக்கம் வரும்.

அதுவே வினையாகிவிட்டது. தூதரகத்திலிருந்து மின்னஞ்சல் வந்தது. உங்கள் கணவர் மார்கோவின் தாயார் இரேனா உங்களை ஸ்லோவேனியாவுக்கு அழைத்திருக்கிறார். ஆனால் பத்திரிகையில் மணமகனின் பெற்றோர் சுந்தரராமன், சரசம்மா என்று அச்சாகியிருக்கிறதே, இவர்கள் யார்? நீங்கள் இந்தியாவுக்குத் திரும்பி வருவீர்கள் என்பதற்கு என்ன ஆதாரம்?

முதலில் கௌசல்யாவுக்குச் சிரிப்புத்தான் வந்தது. அப்புறம் நாட்களை எண்ணிப் பார்த்தாள். இரேனாவுக்கு இருதய ஆபரேஷன். மார்கோ டெக்னோபார்க் வேலைக்கு லீவு போட்டுவிட்டு முன்னாலேயே போய்விட்டான். போன வாரம் லீவை நீட்டியும் விட்டான். ஆபரேஷனுக்கு முன் மருமகளை ஒரு தடவை தொட்டுப் பார்க்க வேண்டும் என்கிறாள் அந்த அம்மா. கௌசல்யாவுக்கும் ஆசை கொஞ்சநஞ்சமில்லை. போனை முகத்தோடு ஒட்டி வைத்துக்கொண்டு மூக்கும் ஒரு கண்ணும் மட்டும் காட்டும் அந்த மாமியார் நெட்டையா குட்டையா, அவள் சமையலறை என்ன வாசனை வீசும் என்று தினமும் யோசிப்பாள்.

பத்திரிகை விஷயத்தை வெள்ளைக்காரர்களுக்கு எப்படி விளக்குவது? கோத்திரம் இல்லாதவனுக்குக் கன்னிகாதானம் எப்படி என்று கல்யாண வாத்தியார் கையை விரித்தபோது, பிள்ளையில்லாத சுந்தரராமன் மாமாவும் சரசம்மா மாமியும் எதிர்வீட்டிலிருந்து எழுந்து வந்தார்கள். மார்கோவைத் தத்தெடுத்து, தங்கள் கோத்திரத்தைக் கொடுத்து, மணமேடையில் பெற்றவர்களாக உட்கார்ந்தார்கள். பத்திரிகையிலும் 'எங்கள் குமாரன்' என்றே போட்டார்கள். சடங்குக்காகத்தான் என்று தெருவே நினைத்தது, அந்த இரண்டு பேரைத் தவிர. அன்றிலிருந்து மார்கோ அந்த வீட்டில் அடை தின்னாமல் தெருவைத் தாண்ட முடிந்ததில்லை.

விசா மையத்துப் பெண் போனில் மலையாளம் கலந்த தமிழில் வழி சொன்னாள். "சேச்சி, அது சடங்கு மாத்ரம், மகன் அல்லன்னு அவங்களே எழுதி ஒப்பு போட்டா மதி." ஒரு கையெழுத்துப் போட்டால் போதுமாம்.

மாமாவிடம் போய்ச் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"எழுத மாட்டேன். அக்னி சாட்சியா என் பிள்ளைன்னு சொல்லியாச்சு. இப்போ இல்லேன்னு எழுத என்னைக்கொண்டு ஆகாது."

"வெறும் காகிதம்தானே மாமா!"

"காகிதத்தோட வெலை நேக்குத் தெரியாதா? செக்ரட்டேரியட்டுல ஆயுசு பூரா வேறென்ன பண்ணினேன்?"

கௌசல்யாவுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "அப்போ நான் அவர் அம்மாவைப் பாக்கவே வேண்டாம், இல்லையா?" என்றாள். குரல் உடைந்துவிட்டது.

சமையலறையிலிருந்து மாமி ஈரக்கையோடு வந்து நின்றாள். "கௌசு, நேக்கு ரொம்ப நாளா ஒரு சம்சயம். இரேனாவும் நானும் ஒருத்தனுக்கே அம்மாவாக்கும். அப்போ அவ நேக்கு என்ன உறவு?"

கௌசல்யா அழுகையை மறந்து யோசித்தாள். சம்பந்தி இல்லை. அக்கா தங்கையும் இல்லை.

"சக்களத்தி," என்றார் மாமா வெடுக்கென்று.

"சீ, வாயைக் கழுவுங்கோ! பேர் இல்லேன்னா உறவு இல்லேன்னு ஆயிடுமா? பெத்தவ அங்க இருக்கா, நாம இங்க இருக்கோம். உள்ளதை உள்ளபடி எழுதிக் கொடுங்கோ. இல்லேன்னு எதுக்கு எழுதணும்?"

மாமா கண்ணாடியை மறுபடி மாட்டினார். அவருக்குள் தூங்கிக்கொண்டிருந்த ஆபீஸ்காரர் எழுந்துவிட்டார். ஒரு பாரா எழுதி அடித்து, இன்னொரு பாரா எழுதி அடித்து, கடைசியில் கச்சிதமான இங்கிலீஷில் முடித்தார். மார்கோவைப் பெற்றவர் இரேனா. சாஸ்திரப்படி அவனை நாங்கள் மகனாக ஏற்றுக்கொண்டோம், சட்டப்படி அல்ல. கௌசல்யா எங்கள் மருமகள். இரண்டாவது கேள்விக்கு: எங்களுக்கு வயதாகிவிட்டது, வேறு பிள்ளைகள் இல்லை. அவள் திரும்பி வருவாள். கீழே இருவரும் கையெழுத்துப் போட்டார்கள்.

விசா வந்தது! எந்த வரி அந்த அதிகாரியை அசைத்ததோ, கௌசல்யாவுக்கு இன்றுவரை தெரியாது. கூரியர் உறையைப் பிரித்த கையோடு எதிர்வீட்டுக்கு ஓடினாள். மாமி நார்த்தங்காய் ஊறுகாயை ஏற்கனவே இறுக்கிக் கட்டி வைத்திருந்தாள், பேர் தெரியாத உறவுக்காரிக்கு.

மாமா பாஸ்போர்ட்டை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் படித்தார். "எத்தனை நாள் இருக்கலாம்னு இதுலயே போட்டிருக்கானே."

"ஆமா மாமா. அதுக்குள்ள வந்துடணும்."

"நல்லது. மார்கோ பாஸ்போர்ட்லயும் இப்படி ஒண்ணு ஒட்டியிருப்பானோ?"

"அவருக்கு எதுக்கு? அது அவர் ஊராச்சே. எத்தனை நாள் வேணும்னாலும் இருக்கலாம்."

சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. மாமா பாஸ்போர்ட்டை மூடி, இரண்டு கையாலும் அவளிடம் நீட்டினார்.

"அவன் வருவானான்னு அவா கேக்கலை. அதனால நானும் எழுதலை."

"கூட்டிண்டு வரேன் மாமா," என்றாள் கௌசல்யா.