அலனின் இருந்த இடம்

“என்கிட்ட கேக்கறதுக்கு உனக்கு ஒண்ணுமே இல்லையா?”

“இருக்கு. மெலிசான கண்ணாடிக் குழாய் ரெண்டு குடு. என்னோடது விரிசல் விட்டுருச்சு.”

“நான் விளையாடல.”

“நானும் விளையாடல. விரிசல் நிஜம்.”

மூன்று வாரத்துக்கு முன்னால், என் ஆய்வக வாசலில் நின்று என் கணவன் கேட்டதும் நான் சொன்னதும் இவ்வளவுதான். வேறு ஊரில் வேலை கிடைத்திருப்பதை அப்போதுதான் சொல்லி முடித்திருந்தான். இரண்டு வருட ஒப்பந்தம். “நல்ல வாய்ப்பு, போ” என்று நானே சொல்லிவிட்டேன். வேறு என்ன சொல்வது? ஒருவர் வேலைக்கு இன்னொருவர் குறுக்கே நிற்கக் கூடாது என்று கல்யாணத்துக்கு முன்பே நிபந்தனை போட்டவள் நான்தான். வாயால் போட்ட முடிச்சு அது. பல்லால் கடித்தாலும் அவிழவில்லை.

அவன் எங்கள் கட்டடத்தின் அடித்தளத்தில் என்.எம்.ஆர். கருவியைப் பார்த்துக்கொள்கிறவன். ஒரு பொருளைக் கண்ணாடிக் குழாயில் கரைத்துப் பெரிய காந்தத்துக்குள் இறக்கினால், எந்த அணு எதை ஒட்டி உட்கார்ந்திருக்கிறது என்பதைத் திரையில் முகடுகளாகக் காட்டும் கருவி. அதனால் கட்டடம் முழுக்க அவனுக்குக் ‘காந்தம்’ என்றே பெயர். நானும் அப்படித்தான் கூப்பிடுவேன். அவன் என்னை ‘டாக்டரம்மா’ என்பான், கிண்டலாக.

நான் நான்காம் மாடியில் ஒரு கிருமியின் சுவரைப் பிரித்துப் பார்க்கிறவள். செயற்கை மூட்டு வைத்த ஒருவரின் முழங்காலில், எந்த மருந்துக்கும் மசியாமல் குடியிருந்த கிருமி. அதன் சுவர், சர்க்கரை இழைகளைச் சிறு புரதத் துண்டுகளால் குறுக்கே கட்டிய வலை. அந்த வலையிலிருந்து டெய்க்கோயிக் அமிலம் என்ற நீளமான சங்கிலி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். சங்கிலியின் மேல் அங்கங்கே அலனின் என்ற சின்ன அமினோ அமிலம் தொற்றியிருக்கும். மருந்தை அண்டவிடாமல் தள்ளுவதில் அந்தப் பொடியனுக்குப் பெரிய பங்கு உண்டு. வழக்கமாக அது சங்கிலியிலேயே உட்காரும். இந்தக் கிருமியில், சங்கிலியில் தொங்கும் சர்க்கரையின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது என்பது ஐந்து வருடமாக என் வாதம். யாரும் நம்பவில்லை. நிரூபிக்க மிச்சம் இருந்தது அந்தச் சங்கிலியில் ஆறு மில்லிகிராம். போன வருடம் உறைபெட்டி பழுதானதில் சேமித்து வைத்த கிருமி மொத்தமும் செத்துப்போனது. இனி வளர்க்கவும் வழியில்லை.

முழுதாக அளவெடுக்க மூன்று நாள் ஆகும். மூன்று நாளும் காந்தம் கூடவே இருந்தாக வேண்டும். அவனுடைய கடைசி வேலை நாளைப் பார்த்து, வேண்டுமென்றேதான் கருவியை முன்பதிவு செய்திருந்தேன். மாலை நாலு மணிக்கு அவனுக்கு ரயில். காலையில் அலனின் லேசாகத் தலைகாட்டினால் போதும், ‘மூணு நாள் இருந்துட்டுப் போ’ என்று கேட்க எனக்கு ஒரு காரணம் கிடைத்துவிடும். அந்த மூன்று நாளில் என் வாய் திறந்துவிடாதா என்று ஒரு நப்பாசை. மூன்று வாரமாக அந்த நப்பாசையைத்தான் சோறாகத் தின்றுகொண்டிருந்தேன்.

கருவி அறையின் தரையில் ஒரு மஞ்சள் கோடு உண்டு. அதற்கு முன்பே இரும்பு என்று எது இருந்தாலும் தட்டில் போட்டுவிட வேண்டும். அந்தக் கடைசி நாள் காலை, சாவி, கைபேசி, கொண்டை ஊசி எல்லாவற்றையும் போட்டுவிட்டு அவிழ்ந்த தலையோடு உள்ளே போனேன். அவன் பெட்டி கோட்டுக்கு வெளியே நின்றது. அதைப் பார்க்காமல் கடந்தேன்.

“சங்கிலி அப்படியே இருக்கு, டாக்டரம்மா. ஒரு கண்ணிகூட அறுபடல. சர்க்கரையும் பத்திரமா இருக்கு.”

“அலனின்?”

அவன் திரையை என் பக்கம் திருப்பினான். திரையில் அது எழ வேண்டிய இடம் துடைத்துவிட்டதுபோல் கிடந்தது.

“இன்னும் கொஞ்ச நேரம் ஓடட்டுமே.”

“ஓடட்டும். இல்லாதது ஓடினா மட்டும் வந்துருமா?” என்றவன், சற்றுத் தள்ளி இரண்டாகப் பிளந்து நின்ற ஒரு முகட்டைத் தொட்டுக் காட்டினான். “இங்க பாரு. அலனின்தான். ஆனா ஒட்டிக்கிட்டு இல்ல. கழண்டு, அதே குழாய்க்குள்ளயே தனியா கெடக்கு.”

“அப்போ இருந்தது நிஜம்தானே?”

“இருந்தது நிஜம். எங்க உட்கார்ந்திருந்துச்சுன்னு இனிமே யாராலயும் சொல்ல முடியாது.” தணிந்த குரலில் கேட்டான்: “உலர்த்தறதுக்கு முன்னால எதுல கரைச்சு வச்ச?”

“குறிப்பேட்டப் பார்த்துட்டு வரேன்” என்றேன். தட்டிலிருந்து கைபேசியை மட்டும் எடுத்துக்கொண்டு படியேறினேன். இரண்டாம் மாடியில் அது அடித்தது. மாமியார்.

“ஏம்மா, அவன் கெளம்பிட்டானா?”

“இன்னும் இல்ல அத்தை.”

“நீ ஒண்ணும் சொல்லலையா? அவனக் கேட்டா ‘அவ போகச் சொல்லிட்டா’ங்கறான். உன்னக் கேட்டா ‘அவர் இஷ்டம்’ங்கற. ரெண்டு பேர் வாய்லயும் பூட்டு. சாவி யார்கிட்டம்மா இருக்கு, என்கிட்டயா?”

“அப்புறம் பேசறேன் அத்தை.”

குறிப்பேடு மேசையில் இருந்தது. கரைத்துவைத்த தேதிக்கு நேராக என் கையெழுத்தே சாட்சி சொன்னது. என் அலமாரியில் ஒரே மாதிரி இரண்டு புட்டிகள். ஒன்று லேசான அமிலக் கரைசல், இன்னொன்று காரக் கரைசல். அலனினைப் பிடித்திருக்கும் பிணைப்பு காரத்தைத் தாங்காது. புதிதாகச் சேர்கிறவர்களுக்கு முதல் நாளே நான் சொல்லிக்கொடுக்கும் பாடம் இது. அந்த நான்தான் காரப் புட்டியின் எண்ணை எழுதியிருந்தேன். ஐஸில் வைக்கவும் இல்லை. மேசை மேல் விட்டுவிட்டு வீட்டுக்குப் போய், மறுநாள் மதியம்தான் வந்திருக்கிறேன்.

கீழே வந்து சொன்னேன்.

“நீ அப்படிச் செய்ய மாட்டியே. என்னிக்கு?”

தேதியைச் சொன்னேன். அவன் கை விசைப்பலகையின் மேல் அப்படியே நின்றது.

“நான் வந்து சொன்ன அன்னிக்கு.”

“ஆமா.”

“அன்னிக்குக் குழாய் கேட்ட. சிரிச்சுக்கிட்டே கேட்ட.”

“ஆமா.”

அவன் பொத்தானை அழுத்தினான். காற்று சீறி, காந்தத்தின் உள்ளிருந்து குழாய் மெதுவாக மிதந்து மேலே வந்தது. அதைத் துடைத்து என் கையில் கொடுத்தான். ஐந்து வருட உழைப்பு, விரல் தடிமன்கூட இல்லை.

“மூணு நாள் அளவெடுக்க இனி ஒண்ணும் இல்ல” என்றான். என்னிடம் மன்னிப்புக் கேட்பதுபோல் இருந்தது அந்தக் குரல்.

கோட்டைத் தாண்டினான். தட்டிலிருந்து கைக்கடிகாரத்தை எடுத்துக் கட்டினான். என் கொண்டை ஊசியை எடுத்து ஒரு கணம் பார்த்துவிட்டு அதே இடத்தில் வைத்தான். பெட்டியின் கைப்பிடியை இழுத்தபோது அது பாதியில் சிக்கியது. இன்னொரு முறை இழுத்தான். வந்துவிட்டது.

கேட்பதற்கு நான் சேர்த்து வைத்திருந்த ஒரே காரணம் என் கையில் செத்துக் கிடந்தது. குழாயை மேசையில் வைத்தேன்.

“காந்தம்.”

திரும்பினான்.

“உன் வேலைக்குக் குறுக்க நிக்கக் கூடாதுன்னு சொன்னவ நான்தான். இப்ப நிக்கறேன். சாம்பிளுக்காக இல்ல, அது போயிருச்சு. எனக்காகக் கேக்கறேன். போகாத.”