மணியடிக்கிறவரோட முக்காலி

எங்க ஊட்டுக்காரரு பேரு சிங்கராயர். மிஷன் பள்ளிக்கூடத்துல பதினாறு வருசமா மணியடிச்சுட்டிருந்தாருங்க. எண்பத்திரெண்டு டிசம்பர்ல, அரையாண்டுப் பரீட்சை அன்னிக்கு, கடைசி மணியை அரை மணி நேரம் முன்னாலயே அடிச்சுத் தொலைச்சாரு. பத்தாவது புள்ளைங்க பாதிப் பேப்பரைக் குடுத்துட்டு வெளிய வந்து நின்னு அழுதுச்சுங்க.

முக்காலியில உக்காந்து அணில் கூடு கட்டறதப் பாத்துட்டே இருந்தாராம். திடீர்னு நேரமாயிருச்சேன்னு பதறிப் போய் கயித்தை இழுத்துட்டாராம். கையில வாட்ச்சு இருக்குது, அதைப் பாக்கோணும்னு தோணலையாம். அதுக்கு முந்தியும் அப்பப்ப அஞ்சு, பத்து நிமிசம் தப்பியிருக்குதுங்க.

அந்த முக்காலியே நான் கேட்டு வாங்குனதுதானுங்க. மணியடிக்கிறவரு மைதானமெல்லாம் சுத்திட்டே இருக்கறாருன்னு அதுக்கு எட்டு வருசத்துக்கு முந்தி வாத்தியாருங்க குறை சொன்னாங்க. ஒரு இடத்துல உக்காந்தா புத்தி நிக்கும்னு நானே போய்ப் பெரிய சார்கிட்ட கெஞ்சி வாங்குனேன். எனக்கு அதுல பெருமை வேற.

ஊட்டுலயும் அவரு அப்படித்தான். உப்பு வாங்கப் போனா கொத்தமல்லியோட வருவாரு. அடுப்புல பாலை வெச்சுட்டு வேலி கட்டப் போயிருவாரு. சோம்பேறின்னு வைவேன், மண்டுன்னு வைவேன். எனக்கு வாய் நொம்ப நீளமுங்க. அவரு தலையைக் குனிஞ்சு எல்லாத்தையும் கேட்டுக்குவாரு.

பெரிய சார் அவரைக் கூப்புட்டு, "ஒரு மாசம் லீவுல போங்க. வந்ததும் ஒரு வாரம் பாப்பேன். ஒரு மணி தப்புனாலும் வேற ஆளு. குடியிருக்கற ஊட்டையும் காலி பண்ணிருங்க"ன்னுட்டாரு. பள்ளிக்கூடத்து ஊட்டை உட்டா எங்களுக்கு வேற எங்கயும் ஒரு குடிசை கூடக் கிடையாதுங்க.

என் வாய்க்குப் பயந்தே அவரு மாதையன் காட்டுக்குப் போயிட்டாரு. மாதையன் அவரோட சிநேகிதரு, மலைக்காரரு. சேர்வராயன் கோயிலுக்குக் கீழ அவருக்கு ராகிக் காடு இருக்குது. கதிர் முத்தற நேரம், கிளிக்கும் குரங்குக்கும் பகலெல்லாம் காவல் வேணும். எங்காளு போற அவசரத்துல வாட்ச்சை ஆணியிலயே மாட்டிட்டுப் போயிட்டாரு.

ரெண்டு வாரமா ஒரு சேதியும் இல்ல. வாட்ச்சைப் பையில போட்டுட்டு, நாலு வார்த்தை நறுக்குனு கேக்கோணும்னுதான் ஏறிப் போனேன்.

அவரு கையில தகர டப்பாவோட காட்டைச் சுத்தி நடந்துட்டிருந்தாரு. "ஏனுங்க, செத்த உக்காருங்க, பேசோணும்"னேன்.

மாதையன் தடுத்தாரு. "காவக்காரன் உக்காரக் கூடாது தங்கச்சி, அது எங்க வழக்கம். ஆளு உக்காந்தா குரங்கு அதைக் கண்டுக்கிட்டு எறங்கிரும். பேசோணும்னா கூடவே நடந்து பேசு."

எங்காளு பின்னாலயே நடந்தேன். அந்தக் கோடியில கிளி எறங்குதுன்னா எனக்குத் தெரியறதுக்குள்ள டப்பா சத்தம் கேக்குது. மரத்துல ஒரு கிளை ஆடுனா ஓடுறாரு. "ஒரு கதிர் போகலை தங்கச்சி. நாலு ஆளு பாக்கறத இவரு ஒருத்தரே பாக்கறாரு"ன்னாரு மாதையன். கண்ட பக்கமெல்லாம் புத்தி போகுதுன்னு நான் அவரை வைவேனே, அதைத்தான் அந்த மனுசன் மெச்சிட்டிருந்தாரு. நறுக்குனு கேக்க வந்ததை உட்டுட்டு நானும் கூடவே சுத்துனேனுங்க.

"சுந்தரி, இப்ப பதினொன்னேகால் இருக்கும். மூணாவது பீரியடு முடியற நேரம்"னாரு எங்காளு. பையிலிருந்து வாட்ச்சை எடுத்துப் பாத்தேன். ஒரு நிமிசம்தான் குறைஞ்சுது.

"எப்பிடீங்க?"ன்னேன்.

"காட்டை மூணு சுத்து சுத்துனா ஒரு பீரியடு. கால் நடந்தா எனக்கு மனசு நிக்குது. கால் நின்னா மனசு ஓடிருது. இங்க என்னை வையறதுக்கு ஆளில்ல, மணியில்ல. அதனால என்னை நானே கவனிச்சேன்." எறங்கப் பாத்த ஒரு கிளியை டப்பா தட்டி ஓட்டுனாரு. அப்புறம், "நான் சோம்பேறி இல்ல சுந்தரி"ன்னாரு. நாப்பத்திமூணு வயசுல அதை அவரே சொல்ல வேண்டியதாப் போச்சு. வாட்ச்சை அவரு கையில குடுத்தேன்.

ஜனவரியில வேலைக்குப் போனவரு முக்காலிப் பக்கமே போகலை. மைதானத்தைச் சுத்தி நடக்கறதும், வந்து வாட்ச்சைப் பாத்து மணியடிக்கறதுமா இருந்தாரு. பெரிய சார் வராண்டாவுல கடிகாரத்தைக் கையில வெச்சுட்டு நிப்பாரு. நான் ஊட்டு வாசல்ல ஜெபமாலையோட நிப்பேன். வெள்ளிக்கிழமை கடைசி மணியும் சரியா அடிச்சுது. "திங்கக்கிழமை வாங்க சிங்கராயர்"னாராம் சார்.

அன்னிக்கு முக்காலியைத் தோள்ல போட்டுட்டு வந்தாரு. "எனக்கு வேண்டாம். நீ காய் நறுக்கும்போது உக்காந்துக்க"ன்னு கீழ வெச்சாரு.

அதைப் பாத்ததும்தான் எனக்கு உறைச்சுது. அவரு மைதானத்தைச் சுத்துன முதல் எட்டு வருசத்துல, சுத்தறாருன்னு குறை வந்துச்சே ஒழிய, மணி தப்புச்சுன்னு ஒருத்தரும் சொன்னதில்ல. தப்பெல்லாம் முக்காலி வந்த பொறகுதான். நல்லா இருந்த மனுசனை எட்டு வருசம் கட்டிப்போட்டு, சோம்பேறின்னும் வைஞ்சது நான்தானுங்க.

அன்னிக்குச் சாயங்காலமும் அவரு அடுப்புல பாலை வெச்சுட்டு வேலிப்பக்கம் போயிட்டாரு. பொங்கி வழிஞ்சுது. நான் வையலை. அடுப்பைத் தொடைச்சுட்டு, அவரு கூட நடக்கப் போனேன்.