நாற்பத்திரண்டாவது வாசகம்

எங்கள் வீட்டுச் சுவருக்குக் காது மட்டுமல்ல, பேனாவும் உண்டு. அப்பா நாடக ஆசிரியர். வாழ்க்கையை உள்ளது உள்ளபடி மேடையேற்றியவர் என்று பெயர். அம்மா பால்காரரிடம் போட்ட சண்டை, சித்தப்பா குடித்துவிட்டுப் புலம்பியது எல்லாம் மேடைக்குப் போயின. அதற்குப் பிறகு சித்தப்பா எங்கள் வீட்டில் தண்ணீர் கேட்கக்கூட யோசித்தார்.

இப்போது அப்பாவுக்குப் பார்வை மங்கிவிட்டது. அவருடைய நாடகங்கள், பேட்டிகளிலிருந்து நூறு வாசகங்களைப் பொறுக்கி ஒரு பதிப்பாளர் புத்தகமாகப் போடுகிறார். அச்சுப்படியை நான் வாசித்துக் காட்ட வேண்டும். ஆறு நாள் ஆஸ்பத்திரியில் சீட்டு கொடுக்கும் கவுண்டரில் உட்கார்ந்து முதுகு விட்டுப்போனவள், ஏழாவது நாள் இதற்கும் உட்கார்ந்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். வேண்டாத வரிக்கு 'அடி' என்றால் பென்சிலால் கோடு போட்டு அடித்துவிடுவேன்.

முதல் வாசகம்: 'நடக்காத ஒரு வரியைக்கூட நான் எழுதியதில்லை.' இருக்கட்டும் என்றார்.

நாற்பத்தொன்று என்னுடையது. பத்தொன்பது வருடத்துக்கு முன், புருஷன் வீட்டை விட்டு ஒரே ஒரு பையோடு வந்து, கூடத்தில் நின்று அம்மாவிடம் சொன்னது: 'நான் திரும்பி வரலை. போக வேற இடம் இல்லை, அவ்வளவுதான்.' அம்மா அழுதாள். அப்பாவின் அறைக்குள் தட்டச்சுச் சத்தம் நின்றது. கதவு திறக்கும் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். மறுபடி தட்டச்சு ஓட ஆரம்பித்தது.

அதுவும் இருக்கட்டும் என்றார்.

அடுத்தது நாற்பத்திரண்டு. நாடகத்தில் அப்பா வேஷக்காரர் கதவைத் திறந்துகொண்டு வருவார். 'இது உன் வீடும்மா. வர்றதுக்குக் காரணம் எதுக்கு?' என்பார். அரங்கமே கைதட்டும். கவுண்டரில் என்னைத் தெரிந்துகொண்டவர்கள், இப்படி ஒரு அப்பா கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்பார்கள். நான் சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுவேன்.

எனக்கு ஒரே ஓர் ஆசைதான். அந்த வரியை அவர் ஒரு தடவை என்னைப் பார்த்துச் சொல்ல வேண்டும். இத்தனை வருடம் சோறு போட்டு, மாத்திரை கொடுத்து, கூடவே இருந்தும் கேட்க வாய் வரவில்லை. அன்றைக்கு வந்தது.

"இது நடக்கலையேப்பா. அப்போ முதல் வாசகம் பொய்யாயிடுமே."

அவர் விரல்கள் வேட்டி நுனியை மடித்து மடித்துப் பிரித்தன.

"இப்பச் சொன்னாக்கூடப் போதும்பா. நடந்ததா ஆயிடும்."

அவருக்கும் களைப்புத்தான், முகத்தில் தெரிந்தது. ஒரு வாய் தண்ணீர் கேட்டுக் குடித்தார்.

"அடிச்சுடு" என்றார்.

"எதை?"

"நாப்பத்திரண்டை. முதலாவது இருக்கட்டும்."

அடித்தேன். கோபப்படக்கூட எனக்குத் தெம்பில்லை. நாற்பத்து மூன்றை வாசித்தேன். நூறுவரை வாசித்து முடித்து, உலை வைக்கப் போனேன்.

மறுநாள் காலை அச்சுப்படியை வாங்கிப்போன பதிப்பாளர், மத்தியானம் கவுண்டருக்கே போன் செய்துவிட்டார். புத்தகத்துக்கு உயிரே அந்த வரிதானாம். கை தவறி அடித்துவிட்டேனா என்று கேட்டார். இல்லை, தெரிந்துதான் அடித்தேன் என்றேன்.

"ஊரே கேட்டு அழுத வார்த்தைம்மா அது."

"ஊர் கேட்டிருக்கும் சார்" என்றேன். "நான் கேட்கலை."