இரண்டாம் தடவை

என் வீட்டுக்காரர் அப்துல் மஜீத் எதையும் இரண்டாம் தடவை சொல்ல மாட்டார். "என்னங்க?" என்று திருப்பிக் கேட்டால், "காது செவுடா?" என்பார். எனக்கும் சுருக்கென்று கோபம் வரும். கல்யாணமான நாளிலிருந்து இதே கதைதான்.

அதனால்தான் சீன மொழித் தேர்வு எனக்குப் பிடித்துப்போனது. மலைமேல் ஒண்டிக்கடை என்ற இடத்தில் இருக்கும் எங்கள் பொம்மைக் கடைக்குச் சீனாவிலிருந்து வரும் பெட்டிகளில் அப்படி என்னதான் எழுதியிருக்கிறது என்று பார்க்கப்போய், முதல் நிலைத் தேர்வுக்கே பெயர் கொடுத்துவிட்டேன். காதால் கேட்டு விடை எழுதும் பகுதியில் ஒவ்வொரு வாக்கியத்தையும் இரண்டு தடவை சொல்கிறார்கள். அதுவும் கோபப்படாமல்!

நேற்று மலை முழுக்க மூடுபனி. கடையில் ஆளே இல்லை. பாடத்தில் வந்ததைச் சத்தமாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன். டீயோடு வந்த என் வீட்டுக்காரர் கொஞ்ச நேரம் நின்று கேட்டார்.

"நொம்ப நல்லாப் பேசுற, ஜமீலா."

நான் அவர் முகத்தையே பார்த்தேன். அவர் டீயை மேசைமேல் வைத்துவிட்டுத் தொண்டையைச் செருமினார்.

"நொம்ப நல்லாப் பேசுற. போதுமா?"

முதல் தடவையே நன்றாகக் காதில் விழுந்திருந்தது. இரண்டாவதற்காகத்தான் காத்திருந்தேன்.