துண்டு போட்ட கை

இப்போதெல்லாம் ஜனங்களுக்கு ஒருத்தரைக் கேட்டுச் செய்கிற பழக்கமே இல்லை. டீ குடிக்கிறவனையும் படம் பிடிக்கிறான், செத்துக் கிடக்கிறவனையும் படம் பிடிக்கிறான். ஊரான் செய்தால் திட்டலாம். பெற்ற பெண்ணே செய்தால் ஏகாம்பரம் யாரிடம் போய்ச் சொல்வார்?

மண்ணூர்பேட்டை வீட்டு வாசலை மறித்து நின்றார். உள்ளே மகள் எழில், ஆளுயர ஓவியத்தைத் தாங்கியபடி. ஓவியக் கல்லூரியில் கடைசி வருஷம். பத்து மணிக்குள் படம் போய்ச் சேராவிட்டால் பரீட்சை போச்சு, வருஷமே போச்சு. வெளியே, படத்தை ஏற்ற வந்த துலுக்கானத்தின் குட்டியானை லோடு வண்டி உறுமிக்கொண்டிருந்தது.

"வழி உடு நைனா."

"நான் இன்னா பொருட்காட்சி பொம்மையா?"

படத்தில் இருந்தவர் அவர்தான். பஸ் சீட்டில் உட்கார்ந்திருக்கிறார், வலது கைமேல் துண்டு. இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் பிரஸ் மிஷின் மூன்று விரலைத் தின்றதிலிருந்து அந்தத் துண்டு இறங்கியதில்லை. கல்யாண வீட்டில் பந்திக்குக்கூட உட்கார மாட்டார். சின்ன வயசில் எழில் சாக்பீஸால் தரையில் அப்பாவைப் போடுவாள். கை எப்பவும் முதுகுக்குப் பின்னால்தான் இருக்கும். கை வரையத் தெரியாத பிள்ளை என்று அப்போது சிரித்திருக்கிறார்.

"அண்ணாத்தே, பஞ்சாயத்த சாயங்காலம் வெச்சிக்கோ! பாடி பாலத்து டிராபிக்ல மாட்னா அவ்ளோதான்!" துலுக்கானம் இறங்கி வந்தான்.

"நீ வாய மூட்றா!"

"வெரல எங்க காட்னேன் நைனா? துண்டத் தானே போட்டுக்கீறேன்."

"அந்தத் துண்டுல வெரல் எடத்துல பள்ளம் எதுக்கு?"

"பள்ளத்த எட்த்தா அது உன் கை இல்ல."

அவருக்கு ரத்தம் தலைக்கேறியது. கிழித்தே விடுவது என்று இடது கையால் சட்டத்தைப் பிடித்தார். எழில் பின்வாங்கவில்லை. ஒரு கையால் படத்துணி கிழியவில்லை. வலது கையையும் தூக்கினார்.

துண்டு நழுவிக் கீழே விழுந்தது.

ஏகாம்பரம் சட்டென்று திரும்பி, சுவரோரம் ஒதுங்கிக் கையை வயிற்றோடு அணைத்துக்கொண்டார். வாசல் காலியானது. துலுக்கானம் குனிந்து துண்டை எடுத்து, முகத்தைப் பார்க்காமல் அவர் தோளில் போட்டுவிட்டு, சட்டத்தின் மறுமுனையைப் பிடித்தான்.

"தூக்கும்மா."

வண்டி கிளம்பியதும் ஏகாம்பரம் துண்டைக் கைமேல் இழுத்து விட்டுக்கொண்டு, தனக்குள் முணுமுணுத்தபடி எதிர்ப்பக்கம் நடந்தார்.

"இருக்குற மனுசன இருக்குற மாரியே போடறதுக்குக் காலேஜு ஒரு கேடு."