ரூத் ஆல்டர்டன் ஃபோகஸ் பிடித்த நாள்

கேமராமேனுக்கு டெங்கு என்று யங்கோனிலிருந்து சேதி வந்தபோது, படக்குழு த்வாண்டே கால்வாய்க் கரையில் இறங்கிச் சாமான்களைப் பிரித்துவிட்டிருந்தது. வெயில் ஏறுவதற்குள் எடுக்க வேண்டிய காட்சி. லைங் தாயா தையல் ஆலையில் வேலை போன பெண், ஊருக்கு வந்து, சூளையடியில் பானை அடுக்கிக்கொண்டிருக்கும் அப்பாவிடம் அதைச் சொல்கிறாள். படத்தின் உயிரே அந்த இடம்தான்.

எல்லார் கண்ணும் இயக்குநர் ரூத் ஆல்டர்டன் பக்கம் திரும்பியது. திரும்பாமல் என்ன செய்யும்? ஒளிப்பதிவுக்காக இங்கிலாந்தில் இரண்டு பெரிய விருது வாங்கியவர். ஐம்பது வயதுக்கு மேல் இயக்க வந்து, முதல் படத்துக்கே இன்னொன்றும் வாங்கினார். தின்கன்ஜூனில் கல்யாண வீடியோ எடுத்துப் பிழைத்த காலத்திலேயே கரீமா அவர் படங்களைத் தேடிப் பார்த்திருக்கிறாள். ஒரே காட்சியை நிறுத்தி நிறுத்தி, ஜன்னல் வெளிச்சம் எப்படி அந்த முகத்தில் வந்து விழுகிறது என்று துழாவியிருக்கிறாள். இப்போது அவர் படத்திலேயே ஃபோகஸ் புல்லர். நடிகர் நகர நகர, தூரம் பார்த்து லென்ஸைத் திருப்பி, படம் மங்காமல் காக்கிற வேலை. அது கிடைத்ததை அவள் இன்னும் முழுசாக நம்பவில்லை.

"இனி சயாமாவே கேமராவத் தொடுவாங்க லாத்தா. பாக்கக் கொடுத்து வெச்சிருக்கணும்," என்றான் லைட் போடும் நியாஸ், கரீமாவை அக்கா முறை வைத்து. டீச்சரை அழைக்கும் பர்மியச் சொல்லால்தான் குழுவே ரூத்தை அழைத்தது.

ரூத் கேமராவிடம் போகவில்லை. கரீமாவிடம் வந்தார்.

"இன்றைக்கு நீ எடு," என்றார் ஆங்கிலத்தில்.

"நீங்கள் இருக்கும்போது நான் எப்படி மேடம்?"

"என் முதல் படத்தில் நானே கேமராவையும் வைத்துக்கொண்டேன். வெளிச்சத்தைத் தவிர எதையும் பார்க்கவில்லை. விருது கிடைத்தது. அதில் நடித்தவர் அதற்குப் பிறகு என்னோடு பேசவே இல்லை." அவர் நடிகை பக்கம் தலையசைத்தார். "இவளை நான் நேராகப் பார்க்க வேண்டும்."

"அப்படியானால் ஃபோகஸ்?"

"நான் பிடிக்கிறேன். சினிமாவில் எனக்குத் தெரிந்த முதல் வேலையே அதுதானே."

எழுபது வயதுக்காரர் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு, களிமண்ணில் முழங்காலிட்டு, பானைக்குப் பானை அளந்தார். தயாரிப்பாளர் ஓடி வந்து நாற்காலி போட்டார். ரூத் அதன்மேல் தொப்பியை வைத்தார்.

முதல் டேக்கில் நடிகை இரண்டு அடி முன்னே வந்ததும் முகம் மங்கிப்போனது. கரீமா சொல்லலாமா வேண்டாமா என்று தவிக்கும்போதே ரூத் எழுந்தார். "நிறுத்துங்கள். என் தவறு," என்று கரை முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னார். நடிகையிடம் போய் மன்னிப்பும் கேட்டார். கரீமாவின் பயம் அந்த நிமிஷமே பாதி விட்டுப்போனது.

இரண்டாவது டேக்கில், வேலை போனதைச் சொல்லிவிட்டு நடிகை முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கேமரா அவளைத் தொடர வேண்டும் என்பதுதான் பேச்சு. கரீமாவின் கை போகவில்லை. கேமரா அப்பாவின் கைகளில் நின்றது. பானையைப் பிடித்தபடி அவை அசையாமல் இருந்தன. ரூத் ஒன்றும் கேட்காமல் ஃபோகஸை அந்தக் கைகளுக்குக் கொண்டுவந்தார்.

"ஏன் அவளை விட்டாய்?" என்று பிறகு டீ குடிக்கும்போது கேட்டார்.

"அவள் மறைத்துக்கொள்ள நினைத்தாள் மேடம். துரத்த மனசு வரவில்லை."

"அதையே வைத்துக்கொள்வோம்," என்றார் ரூத்.

அப்படியே வைத்தார். படம் வந்தபோது ஒளிப்பதிவு என்ற இடத்தில் கேமராமேன் பெயருக்கு அடுத்து கரீமாவின் பெயரும் இருந்தது. கேமராமேனைக் கேட்டுத்தான் ரூத் அதைப் போட்டாராம்.

மறு வருஷம் சியாங் மாயில் எடுத்த அடுத்த படத்துக்குக் கேமரா இயக்க அவளையே கூப்பிட்டார் ரூத். முதல் நாளே லென்ஸ் மாற்றத் தாமதமானதற்கு, எல்லார் முன்னாலும் வெடுக்கென்று கடிந்துகொண்டார். கரீமாவுக்குக் காது சிவந்தது. ஆனாலும் ஏனோ சந்தோஷமாக இருந்தது. லண்டன் கேமராக்காரர்களையும் அவர் அப்படித்தான் கடிந்துகொள்வார்.